கவுன்சிலர் மாறினாலும் குழு நிற்க: வார்டு அளவில் தன்னார்வ அமைப்பு நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் வார்டு அளவிலான முற்போக்குக் குழுக்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு பிரச்சினையில்தான் தொடங்குகின்றன. குடியிருப்பு நடுவே டாஸ்மாக் கடை, ஏரிக்கரையில் குப்பைக் கிடங்கு, தலித் மக்களுக்குச் சுடுகாட்டுப் பாதை மறுப்பு என்று ஏதோ ஒன்று வந்ததும் நாற்பது பேர் கூடிவிடுவார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரண்டு பேர் மட்டும் மனு எழுதிக்கொண்டிருப்பார்கள். மிரட்டலுக்குப் பயந்து கலைந்த குழுக்களும் உண்டு. ஆனால் அந்த இரண்டு பேரும் களைத்துப்போய், சாவி, கணக்கு, தொலைபேசி எண்கள் எல்லாம் அவர்களிடமே இருந்ததால் கலைந்த குழுக்களே அதிகம். ஆகவே கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்விதான்: இந்த வேலையை இன்னொருவர் நாளைக்கே எடுத்துச் செய்ய முடியுமா?

படி 1: எல்லையைக் குறுக்குங்கள், நிலைப்பாட்டை எழுதுங்கள்

மாவட்டம் முழுக்க வேலை செய்யப்போகிறோம் என்று தொடங்காதீர்கள். ஒரு கிராம ஊராட்சி அல்லது ஒரு வார்டு போதும். சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள், கோவையிலும் மதுரையிலும் தலா 100. பெருநகர வார்டு என்றால் அதற்குள்ளும் ஐந்தாறு தெருக்களில் ஆரம்பியுங்கள். அந்த எல்லைக்குள் கவுன்சிலர், உதவிப் பொறியாளர், சுகாதார ஆய்வாளர், வரி வசூலிப்பவர் ஆகிய நான்கு பேரையும் குழுவில் குறைந்தது மூன்று பேருக்கு நேரில் தெரிந்திருக்க வேண்டும். ஊராட்சி என்றால் தலைவர், ஊராட்சிச் செயலர், தண்ணீர்த் தொட்டி இயக்குபவர், ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் (பிடிஓ).

அடுத்து, குழு எதன் பக்கம் நிற்கிறது என்பதை ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். 'சமத்துவம், ஜனநாயகம்' என்று பொதுவாக எழுதினால் யாரும் மறுக்கமாட்டார்கள், அதனால் பயனும் இல்லை. உங்கள் தெருவில் உண்மையில் சண்டை வரக்கூடிய இடங்களை எழுதுங்கள். சாதி அடிப்படையில் நடக்கும் கோயில் வசூலில் குழுவின் பெயர் இருக்கலாமா? உறுப்பினர் வீட்டில் காதல் திருமணத்துக்கு எதிர்ப்பு வந்தால் குழு என்ன செய்யும்? எல்லாவற்றையும் விடக் கடினமானது நீர்நிலை விவகாரம். ஏரியை மீட்க வேண்டும் என்று மனு போட்டால் முதலில் இடிபடுவது கரையோரக் குடிசைகள்தான், பின்னால் இருக்கும் பெரிய கட்டடங்கள் அப்படியே நிற்கும். சென்னையில் 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரையோரக் குடும்பங்களை நகரின் விளிம்பில் உள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பியபோது, ஒரே பகுதியின் சுற்றுச்சூழல் ஆர்வலரும் குடியிருப்பு உரிமை ஆர்வலரும் எதிரெதிராக நிற்க நேர்ந்தது. 'அகற்றப்படும் குடும்பங்களுக்கு அதே பகுதியில் மாற்று வீடு என்ற கோரிக்கை இல்லாத எந்த நீர்நிலை மனுவிலும் கையெழுத்திட மாட்டோம்' என்று முன்கூட்டியே எழுதி வைத்த குழுவுக்கு அன்றைக்குப் பாதி சண்டை குறைந்திருக்கும்.

படி 2: ஐந்து பொறுப்புகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர்

தலைவர், செயலாளர், பொருளாளர் என்று அறிவிப்புப் பலகை எழுதுவதை விட வேலையைப் பிரிப்பது முக்கியம். மாத ஒருங்கிணைப்பு, மனுவும் கோப்பும், வரவு செலவு, தெருத் தொடர்பு, செய்திப் பரப்பு என்று ஐந்து வேலைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரும் ஒரு துணைப் பொறுப்பாளரும். ஆறு மாதம் முடிந்ததும் துணையாக இருந்தவர் பொறுப்பாளர் ஆவார், புதிதாக ஒரு துணை வருவார். பழைய பொறுப்பாளர் ஒரு மாதம் எந்த வேலையும் எடுக்கக் கூடாது. இதைக் கறாராகச் செய்யாவிட்டால் 'அவரே நல்லா பண்றாரே, அவரே இருக்கட்டும்' என்பதில் போய் நிற்கும். குழு சாகத் தொடங்குவது அந்த வாக்கியத்தில்தான்.

பத்துப் பேர் முழுமூச்சாக, முப்பது பேர் மாதம் இரண்டு மணி நேரம், நூறு பேர் அழைத்தால் வருபவர்கள் என்ற அளவு ஒரு வார்டுக்குத் தாராளம். முப்பது பேர் கொண்ட நடு வட்டத்தைத்தான் பல குழுக்கள் கவனிப்பதில்லை. 'எப்ப வேணும்னாலும் உதவி பண்றேன் தோழர்' என்று சொல்பவரிடம் எப்போதாவது என்று விட்டால் அவர் வரவே மாட்டார். 'சனிக்கிழமை காலை 9 முதல் 10 வரை, மூன்றாவது தெருவில் எட்டு வீடு, இந்தத் தாளில் குடிநீர் வரும் நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள்' என்று கேளுங்கள். முதல் வேலை ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. முடிந்த மறுநாளே கூப்பிட்டு, அவர் கொண்டுவந்த விவரம் எந்த மனுவில் சேர்ந்தது என்று சொல்லுங்கள். இரண்டாவது முறை வருவதும் வராததும் இந்த ஒரு தொலைபேசி அழைப்பைப் பொறுத்தது.

பெண்கள் பொறுப்பில் இல்லாத குழுக்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்று அலச வேண்டியதில்லை, கூட்டம் நடக்கும் நேரத்தைப் பார்த்தால் போதும். இரவு எட்டு மணிக்கு டீக்கடை மாடியில் வைத்துவிட்டு 'பெண்கள் வருவதில்லை' என்று சொல்வது ஏமாற்று. ஞாயிறு மாலை 4 மணி, பள்ளி அல்லது நூலகக் கட்டடம், குழந்தைகளை அழைத்து வரலாம் என்று அழைப்பிலேயே குறிப்பிடுவது, டீ கொடுப்பதும் நாற்காலி எடுத்து வைப்பதும் ஆண்கள் முறைவைத்துச் செய்வது. இவ்வளவும் செய்தால் ஆறு மாதத்தில் வித்தியாசம் தெரியும். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. உங்கள் கவுன்சிலரே பெண்ணாக இருக்க, அவரைப் பார்க்கப் போகும் குழுவில் ஒரு பெண்ணும் இல்லாமல் அவருடைய கணவரிடம் பேசிவிட்டு வருவது அவமானம்.

படி 3: தொண்ணூறு நிமிடக் கூட்டம்

மாதம் ஒன்று, தேதி மாறாமல். 'இரண்டாவது ஞாயிறு' என்றால் தீபாவளி வந்தாலும் இரண்டாவது ஞாயிறுதான். இரண்டே பேர் வந்தாலும் நடத்துங்கள். ஒருமுறை தள்ளிப்போனால் அடுத்த முறை 'இந்த மாசம் இருக்கா?' என்ற கேள்வி வந்துவிடும்.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்:

1. போன கூட்டத்தின் முடிவுகள், யார் முடித்தார், யார் முடிக்கவில்லை: 15 நிமிடம்
2. வரவு செலவு வாசிப்பு: 5 நிமிடம்
3. ஒரே ஒரு முக்கியப் பொருள்: 40 நிமிடம்
4. புதியவர்கள் கொண்டுவந்த தெருப் பிரச்சினைகள்: 15 நிமிடம்
5. யார், எதை, எந்தத் தேதிக்குள்: 15 நிமிடம்

உலக அரசியலுக்கு இதில் இடம் இல்லை என்று கோபப்படுவார்கள். அதற்குத் தனியே மாதம் ஒரு வாசிப்புக் கூட்டம் வையுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால், பேசத் தெரிந்த மூன்று பேர் ஒன்றரை மணி நேரத்தையும் தின்றுவிடுவார்கள், தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல வந்த அம்மா எழுந்து போய்விடுவார்.

மினிட்ஸ் புத்தகம் பக்க எண் போட்ட நோட்டாக இருக்கட்டும். முடிவுகளை மட்டும் எழுதுங்கள், விவாதத்தை வேண்டாம். அன்றிரவே அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டால் 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்ற வழக்கு எழாது.

படி 4: அரசின் நாட்காட்டியோடு உங்கள் வேலையைக் கட்டுங்கள்

போராட்டம் வரும்போது மட்டும் இயங்கும் குழு, இல்லாதபோது தூங்கிவிடும். உள்ளாட்சி அமைப்புகளுக்கென்று நாட்காட்டி இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் வேலை தானாக வரும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் 2022 முதல் சேர்ந்தவை. இவை அரசு விடுமுறை நாட்கள் அல்ல, வார நாளில் விழுந்தால் கூலி வேலைக்குப் போகிறவர்கள் வரமாட்டார்கள். ஆள் திரட்டும் திட்டத்தை இந்த இரண்டுக்கும் தனியாகப் போடுங்கள். குறைவெண் வரம்பையும், அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்களின் எண்ணிக்கையையும், மனத்தில் வையுங்கள். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கியதும் பாதிப் பேர் போய்விடுவது பல ஊர்களில் வழக்கம். தீர்மானங்கள் வாசிக்கப்படும் கடைசி நேரத்தில் யார் மிச்சம் இருக்கிறார்களோ அவர்கள் கையில்தான் கூட்டம். உங்கள் முப்பது பேர் கடைசிவரை உட்கார்ந்திருந்தாலே பாதி வெற்றி.

நகர்ப்புறத்தில் 2022 விதிகளின்படி வார்டு குழுவும், வார்டுக்குள் ஒரு பகுதி மக்கள் கூடும் பகுதி சபையும் உண்டு. பகுதி சபைக்கு ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று நாட்கள் அறிவிக்கப்பட்டன. நடைமுறையில் பல வார்டுகளில் கூட்டம் காகிதத்தில்தான் நடக்கிறது. கூட்டம் நடக்கவில்லை என்பதே உங்கள் முதல் கோரிக்கையாக இருக்கலாம்.

தீர்மானம் கொண்டுபோகும் முறை: 'சாலை வசதி வேண்டும்' என்று வாயால் சொன்னால் 'பார்க்கலாம்' என்று பதில் வரும். ஒரு வாரம் முன்பே தலைவரிடமும் செயலரிடமும் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். வாசகம் இந்த அளவுக்குக் குறிப்பாக இருக்கட்டும்:

"மேலத்தெருவில் முத்தாலம்மன் கோயில் முதல் அங்கன்வாடி வரை சுமார் 180 மீட்டர் நீளத்துக்குக் கழிவுநீர்க் கால்வாய் அமைக்க ஊராட்சி நிர்வாகம் மதிப்பீடு தயாரித்து, அடுத்த கிராம சபையில் வைக்க இச்சபை தீர்மானிக்கிறது."

இடம், நீளம், யார் செய்ய வேண்டியது, எப்போதுக்குள் என்ற நான்கும் இருந்தால் அடுத்த சபையில் கேள்வி கேட்கலாம். தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடித்து வாசித்த பிறகே கிளம்புங்கள். எழுதப்படாத தீர்மானம் நிறைவேறாத தீர்மானம்.

கிராம சபைகளுக்கு இடைப்பட்ட மாதங்களுக்கு ஆட்சியர் அலுவலகத்தின் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. ஒரே மனுவை ஐந்து பேர் தனித்தனியே கொடுத்து ஐந்து ரசீது வாங்குவது, ஐம்பது பேர் கையெழுத்திட்ட ஒரே மனுவை விடப் பின்தொடர எளிது. மாநகராட்சி, நகராட்சி பட்ஜெட்டுக்கான கோரிக்கைகளை டிசம்பருக்குள் கொடுத்துவிடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் தாக்கல் ஆகும் நேரத்தில் போனால் பட்டியல் முடிந்திருக்கும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே இல்லாத காலமும் வரும். 2016 இறுதியில் பதவிக்காலம் முடிந்து, ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. அப்போது தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவரோடு உள்ள நட்பை மட்டுமே நம்பிய குழுக்கள் இந்த இடைவெளிகளில் திகைத்துப்போகும். தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை கூட்டப்படுகிறது, பதிவேடுகளும் இருக்கின்றன. ஆகவே உறவு அலுவலகத்தோடும் கோப்போடும் இருக்க வேண்டும்.

படி 5: கோப்புதான் குழுவின் ஞாபகம்

ஒரு பிரச்சினைக்கு ஒரு கோப்பு. முதல் பக்கத்தில் தேதிவாரியாக என்ன கொடுத்தோம், என்ன பதில், அடுத்த கெடு எப்போது என்ற அட்டவணை. அசல் ஒருவர் வீட்டில், நகல் இன்னொருவர் வீட்டில், படம் எடுத்தவை குழுவுக்கென்று தொடங்கிய மின்னஞ்சல் கணக்கில். அந்தக் கணக்கின் கடவுச்சொல் இரண்டு பேரிடம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. தமிழ்நாட்டில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பலாம். பதிலுக்கு 30 நாள். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. ஆணையத்தில் இழுக்கும், அதனால் கேள்வியைச் சரியாக எழுதுவதில் உழைப்பைப் போடுங்கள். 'ஏன் சாலை போடவில்லை?' என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்:

"2024-25 நிதியாண்டில் 14-வது வார்டில் மேற்கொள்ளப்பட்ட மழைநீர் வடிகால் பணிகளின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள், இறுதிப் பட்டியல் ஆகியவற்றின் நகல்கள்."

அளவுப் புத்தகம், அதாவது அலுவலகத்தில் எல்லோரும் 'எம் புக்' என்று சொல்வது, கையில் கிடைத்தால் டேப் எடுத்துக்கொண்டு போய் நீளத்தையும் ஆழத்தையும் அளந்துவிடலாம். ஆள் பெயர், சம்பளம், சொத்து என்று தனிநபரை நோக்கிப் போகாதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் மூலம், தகவல் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவலுக்கு விலக்கு தரும் 8(1)(ஜெ) பிரிவு திருத்தப்பட்ட பிறகு அவற்றை மறுப்பது அலுவலகத்துக்கு எளிதாகிவிட்டது. ஒரு விண்ணப்பத்தில் ஒரு பொருள் மட்டும். விண்ணப்பத்தை ஒப்புகையோடு அனுப்புங்கள். மிரட்டல் வரக்கூடிய விவகாரம் என்றால் மூன்று பேர் பெயரில் தனித்தனியாகப் போடுங்கள், அப்போது ஒருவரை மட்டும் குறிவைக்க முடியாது.

கிடைத்த காகிதத்தைப் பீரோவில் வைப்பதில் பயன் இல்லை. 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானாவில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு முதல் மக்கள் விசாரணையை நடத்தியபோது செய்தது எளிமையான வேலை: வேலை செய்ததாகப் பதிவேட்டில் இருந்த பெயர்களை ஊர் நடுவே உரக்க வாசித்தார்கள். உங்கள் தெருமுனையில் மதிப்பீட்டின் தொகையை ஒரு அட்டையில் எழுதி நிறுத்தினாலே பேச்சு ஆரம்பித்துவிடும்.

படி 6: பணம்

நாற்பது பேர் மாதம் 50 ரூபாய் கொடுத்தால் 2,000 ரூபாய். நகல், அஞ்சல், நோட்டீஸ், டீ எல்லாவற்றுக்கும் ஒரு வார்டு குழுவுக்கு இது போதும். பெரிய நன்கொடை வேண்டாம். ஒருவர் 20,000 கொடுத்தால் அடுத்த கூட்டத்தில் அவர் குரலுக்கு 20,000 ரூபாய் எடை கூடிவிடும். ஒரு நபரிடமிருந்து ஆண்டுக்கு 2,000-க்கு மேல் வாங்குவதில்லை என்று விதி வைப்பது நல்லது.

வசூல் யாருடைய தனிப்பட்ட ஜிபே எண்ணிலும் போகக் கூடாது. பதிவு செய்யாத குழுவுக்கு வங்கிக் கணக்கு தொடங்குவது சிரமம். இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற கூட்டுக் கணக்கு, குழுவுக்கு மட்டும் பயன்படுவதாக, நடைமுறைத் தீர்வு. ரசீது புத்தகத்தில் எண் அச்சிட்டிருக்க வேண்டும். ஐந்து ரூபாய் செலவுக்கும் சீட்டு. கையிருப்பு 500-ஐத் தாண்டினால் வங்கியில் போடுங்கள்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிய ஏழு பேர் வேண்டும். பதிந்தால் ஆண்டுதோறும் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். ஒழுங்காகச் செய்ய ஆள் இல்லாமல் பதிந்துவிட்டு அபராதத்தில் மாட்டும் சங்கங்கள் ஏராளம். உங்கள் நோக்கமும் வரவும் பதிவைக் கோருகின்றனவா என்று உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் மிகக் கவனம். சிங்கப்பூரில் வேலை செய்யும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. அதே ஊர்க்காரர் சிங்கப்பூர், மலேசியா, கனடா குடியுரிமை வாங்கியிருந்தால் அவர் பணம் வெளிநாட்டு நன்கொடைதான், வெளிநாட்டுவாழ் இந்தியக் குடிமகன் (ஓசிஐ) அட்டை இருந்தாலும். வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கான பதிவில்லாமல் அதைத் தொட்டால் குற்றம். பாசத்தோடு அனுப்பினாலும் திருப்பி அனுப்புங்கள்.

படி 7: வாட்ஸ்அப்

இரண்டு குழுக்கள் போதும். ஒன்று அறிவிப்புக்கு, நிர்வாகிகள் மட்டும் பதிவிடுவது. இன்னொன்று பொறுப்பாளர்கள் பத்துப் பேருக்கு, வேலை பேச. எல்லோரும் பேசும் பெரிய குழு வைத்தால் காலை வணக்கமும் சண்டையும்தான் மிஞ்சும். முடிவு எதையும் வாட்ஸ்அப்பில் எடுக்காதீர்கள். ஒருவர் மேல் குறை இருந்தால் நேரில் பேசுங்கள். கூட்டத்துக்கு முந்தைய நாள் ஆளுக்கு எட்டு பேர் என்று பிரித்துத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். நூறு செய்தி சாதிக்காததை இது சாதிக்கும்.

படி 8: கட்சிகளும் தேர்தலும்

கட்சி உறுப்பினர்களைச் சேர்க்கலாமா? சேர்க்கலாம், சேர்க்காமல் தமிழ்நாட்டில் ஆள் கிடைக்காது. ஆனால் எந்தக் கட்சியிலாவது பதவி வகிப்பவர் குழுவின் பொறுப்பில் இருக்கக் கூடாது, குழுக் கூட்டத்துக்குக் கரை வேட்டி, துண்டு வேண்டாம் என்ற இரண்டு விதிகள் பெரும்பாலான உரசல்களைத் தவிர்க்கும்.

தேர்தலில் மூன்று வழிகள். கோரிக்கைப் பட்டியல் தயாரித்து எல்லா வேட்பாளர்களிடமும் கையெழுத்துக் கேட்பது ஒன்று. ஒருவரை ஆதரிப்பது இரண்டு. சொந்தமாக ஒருவரை நிறுத்துவது மூன்று. கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பவை. அங்கே மூன்றாவது வழிக்கு வாய்ப்பு உண்டு. நகர்ப்புற வார்டில் கட்சிச் சின்னங்களோடு மோத வேண்டியிருக்கும். எங்கள் கருத்து: குழு தொடங்கி இரண்டு ஆண்டு ஆகாமல் ஆள் நிறுத்தாதீர்கள். தோற்றால் குழு உடைகிறது, ஜெயித்தால் மொத்தக் குழுவும் அவருடைய உதவியாளர்களாக மாறிவிடுகிறது. அப்படியும் நிறுத்தினால், ஜெயித்தவர் அன்றே குழுப் பொறுப்பிலிருந்து விலக வேண்டும், குழு அவரிடமும் மற்றவரிடம் போலவே மனு கொடுக்க வேண்டும்.

ஒருவரை ஆதரித்து நோட்டீஸ் அடிக்கும் முன் அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வேட்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அவருக்காகச் செலவு செய்வது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 176-வது பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதத்துக்குரியது. எந்த நோட்டீஸிலும் அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவர் பெயரும் இருக்கட்டும்.

படி 9: வழக்கு, சண்டை, களைப்பு

தெருவில் கூட்டம் என்றால் ஒரு வாரம் முன்பே காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். எழுத்தில் இருந்தால்தான் உயர்நீதிமன்றத்துக்குப் போக முடியும். அரசு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்களை மறியலில் முன்னால் நிறுத்தாதீர்கள். வழக்குப் பதிவானால் காவல் சரிபார்ப்பில் அவர்களுக்குத்தான் தலைவலி, மாலை போட்டுக்கொள்பவர்களுக்கு இல்லை.

உள்சண்டைக்கு ஒரு நடைமுறை வைத்திருங்கள். புகார் எழுத்தில், குழுவுக்கு வெளியே இருந்து இருவரும் ஒப்புக்கொள்ளும் ஒருவர், பதினைந்து நாளில் முடிவு. பாலியல் சீண்டல் புகார் இந்தச் சமரச முறைக்குள் வராது. புகார் வந்த அன்றே புகாருக்கு உள்ளானவரைப் பொறுப்பிலிருந்து விலக்கி வைத்து, பெண்கள் பெரும்பான்மையாக உள்ள மூவர் விசாரிக்க வேண்டும், புகார் கொடுத்தவர் காவல்துறைக்குப் போக விரும்பினால் கூடப் போக வேண்டும். 'இயக்கத்தின் பெயர் கெடும்' என்று மூடி மறைத்த குழுவிலிருந்து பெண்கள் சத்தமில்லாமல் விலகிப்போவார்கள்.

ஏப்ரல் பாதியிலிருந்து மே இறுதிவரை மாதக் கூட்டம், மே 1 கிராம சபை தவிர வேறு வேலை வைக்காதீர்கள். பள்ளி விடுமுறை, ஊர்த் திருவிழா, வெயில். ஓய்வை நாட்காட்டியிலேயே எழுதி வைத்தால் ஓய்வெடுப்பவருக்குக் குற்ற உணர்ச்சி இருக்காது.

படி 10: ஒருவர் விலகும்போது, குழுவையே முடிக்கும்போது

விலகுபவரிடமிருந்து ஒரு வாரத்துக்குள் வாங்க வேண்டியவை: கோப்புகள், கடவுச்சொற்கள், ரசீது புத்தகம், அவர் கையாண்ட அதிகாரிகளின் எண்கள், நிலுவையில் உள்ள மேல்முறையீடுகளின் கெடு. தகவல் உரிமை மனுக்கள் அவர் பெயரில் இருந்தால் மேல்முறையீடும் அவர்தான் செய்ய வேண்டும். விலகினாலும் அந்தக் கையெழுத்துகளை மட்டும் போட்டுத் தரும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் தொடர்ந்து ஐந்து பேருக்குக் குறைவாக வந்தால் நான்காவது மாதம் ஒரே பொருள் பேசுங்கள்: தொடர்வதா, நிறுத்துவதா. நிறுத்துவது என்று முடிவானால் மிச்சப் பணத்தை முன்பே எழுதி வைத்தபடி ஊர் நூலகத்துக்கோ பள்ளி மேலாண்மைக் குழுவுக்கோ கொடுத்து ரசீது வாங்குங்கள். கடைசி வரவு செலவை நோட்டீஸாக அடித்து எல்லா வீட்டுக்கும் கொடுங்கள். நிலுவையில் உள்ள கோப்புகளைப் பக்கத்து வார்டு குழுவிடமோ, இருந்த உறுப்பினர்களில் இருவரிடமோ பட்டியல் போட்டு ஒப்படையுங்கள். வாட்ஸ்அப் குழுவை மூடுங்கள், திறந்து விட்டால் அடுத்த தேர்தலில் அதை யாராவது ஒரு வேட்பாளர் எடுத்துக்கொள்வார்.